விறைப்புக் குறைபாட்டு மாத்திரை: செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். இந்த மாத்திரை கேட்டு வருகிறவரைத் தெருவில் வரும்போதே தெரிந்துவிடும். கடையில் பெண்கள் யாராவது நின்றால் ஒரு பாரசிட்டமால் அட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார். கூட்டம் கலைந்த பிறகு திரும்பி வந்து, வாயால் பெயரைச் சொல்லாமல் செல்போனில் இருக்கும் படத்தைக் காட்டுவார். அப்படி வருகிறவர்கள் கேட்டதும் கேட்காமல் விட்டதும்தான் இந்தக் கேள்விகள். மாத்திரையைவிட, அதை ஒளித்துச் சாப்பிடுவதால் வரும் ஆபத்துதான் பெரிது என்பது என் கருத்து. உங்கள் உடம்பைப் பார்த்து மருந்து எழுத வேண்டியவர் டாக்டர்தான். அவரிடம் என்ன கேட்கலாம், எதைச் சொல்லாமல் விடக்கூடாது என்பதற்கு இது உதவும்.

இந்த மாத்திரை போட்டால் ஆசை வருமா?

வராது. ஆசை வந்தால்தான் இது வேலையே செய்யும்.

மனதில் கிளர்ச்சி வரும்போது ஆணுறுப்பின் நரம்புகள் நைட்ரிக் ஆக்சைடு என்ற பொருளை விடுகின்றன. அதனால் சிஜிஎம்பி என்ற இன்னொரு பொருள் உண்டாகி, ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. ரத்தம் உள்ளே நிறைகிறது. அந்த சிஜிஎம்பியை அழிக்கிற நொதி ஒன்று இருக்கிறது, பெயர் பிடிஇ5. மாத்திரை அந்த நொதியை அடக்கி வைக்கிறது. ஊரணியில் தண்ணீர் வெளியேறும் கலுங்கை அடைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்து வரத்து இருந்தால் தண்ணீர் நிற்கும். மழையே இல்லாமல் கலுங்கை மட்டும் அடைத்து வைத்தால் ஊரணி காய்ந்துதான் கிடக்கும்.

கடைக்குக் கடை வேறு பெயர் சொல்கிறார்கள். எது நல்லது?

பெயரைப் பார்க்காதீர்கள், அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பொருளைப் பாருங்கள். வயாகரா, மேன்ஃபோர்ஸ், சுஹாக்ரா, பெனெக்ரா எல்லாம் சில்டெனாஃபில். மெகாலிஸ், டாடாசிப் எல்லாம் டடாலாஃபில். நம் பக்கம் பெரும்பாலும் விற்பது இந்த இரண்டுதான். வார்டெனாஃபில், அவானாஃபில் என்றும் உண்டு, கேட்டு வருகிறவர் குறைவு.

சில்டெனாஃபில் சுமார் 4 மணி நேரம் கைகொடுக்கும். டடாலாஃபில் 36 மணி நேரம் வரை உடம்பில் வேலை செய்யும். அதற்காக 36 மணி நேரமும் விறைத்தே இருக்கும் என்று பயப்பட வேண்டாம். அந்த நேரத்துக்குள் கிளர்ச்சி வந்தால் உதவும், அவ்வளவுதான். விலை கூடின கம்பெனி, குறைந்த கம்பெனி என்ற வித்தியாசத்துக்கும் பெரிய பொருள் இல்லை. உரிமம் உள்ள கடையில் பில் போட்டு வாங்கியதா என்பதுதான் முக்கியம்.

கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து போட்டேன். ஒன்றுமே நடக்கவில்லை. போலி மாத்திரையா?

மாத்திரையைக் குறை சொல்வதற்கு முன் இலையில் என்ன இருந்தது என்று பாருங்கள். கொழுப்பு அதிகமான சாப்பாட்டுக்குப் பிறகு சில்டெனாஃபில் போட்டால், அது ரத்தத்தில் உச்சத்தை எட்ட ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதலாக ஆகும், எட்டும் அளவும் குறையும். நம் ஊர் விருந்துகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நெய் விட்ட சோறு, கோழி வறுவல், மட்டன் சுக்கா, கடைசியில் எண்ணெயில் பொரித்த கந்தரப்பம். இதையெல்லாம் முடித்துவிட்டு மாத்திரையைப் போட்டு அரை மணி நேரத்தில் பலன் எதிர்பார்த்தால் எப்படி?

வெறும் வயிற்றிலோ, இட்லி மாதிரி எண்ணெய் இல்லாத சாப்பாட்டுக்குப் பிறகோ, ஒரு மணி நேரம் முன்னதாகப் போடுங்கள். டடாலாஃபிலுக்குச் சாப்பாட்டுக் கணக்கு கிடையாது; ஆனால் அதற்கும் பொறுமை வேண்டும், சிலருக்கு 2 மணி நேரம்கூட ஆகும்.

ஒரு நாள் பலிக்கவில்லை என்று கைவிடவும் வேண்டாம். டாக்டர் சொன்ன அளவில், வெவ்வேறு நாட்களில், ஆறேழு தடவையாவது பார்த்த பிறகுதான் இந்த மருந்து ஒத்துவரவில்லை என்ற முடிவுக்கு வர முடியும்.

ஒன்று போதவில்லை என்றால் கூட ஒன்று போடலாமா?

கூடாது. சில்டெனாஃபில், டடாலாஃபில் இரண்டுமே 24 மணி நேரத்தில் ஒரு தடவைதான். இன்று ஒரு வகை, பலிக்காவிட்டால் ராத்திரியே இன்னொரு வகை என்று கலக்கவும் கூடாது.

சில்டெனாஃபில் வழக்கமாக 50 மி.கி.யில் தொடங்கும். 65 வயது தாண்டியவர்கள், கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு 25. உச்ச அளவு 100. டடாலாஃபில் தேவைப்படும்போது மட்டும் போடுவதானால் 10 மி.கி.யில் தொடங்கி 20 வரை; தினமும் போடுகிற வகை 2.5 அல்லது 5. நண்பருக்கு 100 ஒத்துக்கொண்டது என்று நேரே 100 கேட்டு வருகிறவர்கள்தான் எனக்குப் பெரிய தலைவலி. நண்பரின் வயது, நண்பரின் கல்லீரல், நண்பர் சாப்பிடும் மற்ற மாத்திரைகள் எதுவும் உங்களுடையது அல்ல.

நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை சட்டைப் பையில் இருக்கிறது. எப்போதாவதுதான் வைப்பேன். இதையும் போட்டுக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

சார்பிட்ரேட், மோனோட்ரேட், நைட்ரோகிளிசரின் இவையெல்லாம் நைட்ரேட் வகை. அவையும் ரத்தக் குழாயைத் தளர்த்தித்தான் வேலை செய்கின்றன, அதே சிஜிஎம்பி வழியாகவே. ஒரு பக்கம் அந்தப் பொருளை அதிகமாக உண்டாக்கி, மறு பக்கம் அதை அழிக்கவும் விடாமல் அடைத்தால் ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கும். மயக்கம், மாரடைப்பு, மரணம் வரை போகலாம். நிகோராண்டில் என்ற இதய மாத்திரைக்கும் இதே தடைதான். நுரையீரல் ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ரியோசிகுவாட்டுக்கும் உண்டு.

‘எப்போதாவதுதான் வைப்பேன்’ என்பதில்தான் சிக்கலே. இன்று வலி வராது என்று யாரால் சொல்ல முடியும்? உடலுறவும் இதயத்துக்கு ஒரு வேலைதானே. வலி வந்தால் பழக்கத்தில் கை சட்டைப் பைக்குத்தான் போகும். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரத்துக்குள், டடாலாஃபில் போட்டு 48 மணி நேரத்துக்குள் நைட்ரேட் எடுக்கக்கூடாது.

மாத்திரை போட்ட பிறகு நெஞ்சு வலி வந்துவிட்டால் உட்காருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், நாக்குக்கு அடியில் எதையும் வைக்காதீர்கள். ஆம்புலன்ஸில் வருகிறவரிடமும் மருத்துவமனையிலும் முதல் வார்த்தையாக ‘இந்த மாத்திரை இத்தனை மணிக்குப் போட்டேன்’ என்று சொல்ல வேண்டும். மகனும் மருமகளும் பக்கத்தில் நிற்கிறார்களே என்று அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டால், டாக்டர் நல்லது என்று நினைத்து நைட்ரேட் கொடுத்துவிடுவார். உங்களால் பேச முடியாத நிலையில் சொல்ல வேண்டியவர் மனைவி. ஆகையால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சுவையான செய்தி ஒன்று: சில்டெனாஃபிலை இங்கிலாந்தில் ஆராய்ந்ததே நெஞ்சு வலிக்கு மருந்தாகத்தான். அதற்குப் பெரிதாகப் பயன்படவில்லை. விறைப்புக்கு உதவுவது சோதனையின்போதுதான் தெரியவந்தது, 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

ஸ்டென்ட் வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. எனக்கு வழியே இல்லையா?

இருக்கலாம். இதய நோய் இருந்தாலே கூடாது என்பது தவறான பேச்சு. நைட்ரேட் இல்லாமல், நோய் கட்டுக்குள் இருக்கிறவர்கள் பலருக்கு டாக்டர்களே எழுதித் தருகிறார்கள். கடந்த 6 மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், சும்மா இருக்கும்போதே நெஞ்சு வலிக்கிறவர்கள், ரத்த அழுத்தம் 90/50-க்குக் கீழே அல்லது 170/110-க்கு மேலே உள்ளவர்கள் ஒதுங்கி இருக்க வேண்டும்.

டாக்டர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இரண்டு மாடிப் படியை நின்று நின்று போகாமல், மூச்சு இரைக்காமல், வலி இல்லாமல் ஏற முடிகிறதா? முடியும் என்றால் உடலுறவின் பளுவையும் இதயம் பெரும்பாலும் தாங்கும். முடியாதென்றால் முதலில் இதயத்தைப் பார்க்க வேண்டும், மாத்திரை அப்புறம்.

எனக்கு இதய நோய் இல்லை, பிரஷர் மாத்திரை மட்டும்தான். அப்புறம் யூரின் போக ஒரு மாத்திரை.

பிரஷர் மாத்திரைகள் பெரும்பாலானவற்றோடு இதைப் போடலாம், அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். கவனிக்க வேண்டியது அந்த இரண்டாவது மாத்திரை. புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், அல்ஃபுசோசின், பிரஷருக்கே கொடுக்கும் பிரசோசின் இவை ஆல்ஃபா தடுப்பான்கள். இவற்றோடு சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழ வாய்ப்பு உண்டு. ராத்திரி பாத்ரூம் போக எழுந்து வழுக்குத் தரையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிவது சின்ன விஷயமா? டாக்டர் குறைந்த அளவில் தொடங்கி, இரண்டுக்கும் நேரத்தைப் பிரித்துக் கொடுப்பார்.

யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று, படர்தாமரைக்குத் தரும் இட்ராகோனசோல். வேர்க்கிற ஊர் நம்முடையது, வெயில் காலத்தில் அந்த மாத்திரை நிறையப் போகிறது. கீட்டோகோனசோல், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், எச்.ஐ.வி.க்குத் தரும் ரிட்டோனாவிர் எல்லாம் இதே கணக்குதான். இவை சில்டெனாஃபிலை உடம்பு சீக்கிரம் வெளியேற்ற விடாமல் தடுக்கும். 50 போட்டாலும் அதைவிடக் கூடுதலாகப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

சில பிரஷர் மாத்திரைகள், மனச்சோர்வு மாத்திரைகள் விறைப்பைக் குறைப்பதும் உண்டு. அட்டெனோலால் அப்படிச் சொல்லப்படும் ஒன்று. சந்தேகம் வந்தால் டாக்டரிடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சுகர் இருக்கிறது. மாத்திரை சரியாகக் கேட்பதில்லை.

பல வருடச் சர்க்கரை ரத்தக் குழாயையும் கெடுக்கும், நரம்பையும் கெடுக்கும். நரம்பு கெட்டால் நைட்ரிக் ஆக்சைடே சரியாக வராது. அப்போது மாத்திரைக்கு வேலை குறைவு. சர்க்கரை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடப் பலன் குறைவாகத்தான் கிடைக்கிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எவ்வளவு என்று பாருங்கள், காலையில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் பரிசோதனையும் தேவையா என்று கேளுங்கள். மாத்திரை கேட்காதவர்களுக்கு ஊசி, வெற்றிடக் கருவி என்று வேறு வழிகளும் சிறுநீர், ஆணுறுப்புக் கோளாறுகளைப் பார்க்கும் யூராலஜிஸ்ட்டிடம் உண்டு.

சுகர் இல்லை, பிரஷர் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் நாற்பது, ஐம்பது வயதுக்காரருக்குப் புதிதாக இந்தப் பிரச்சினை வந்தால் நான் மாத்திரையைவிட ரத்தப் பரிசோதனையைத்தான் முதலில் சொல்வேன். ஆணுறுப்பின் ரத்தக் குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான், இதயத்தினுடையது 3 முதல் 4. ஒரே அடைப்பு நோய் சின்னக் குழாயில்தான் முதலில் தெரியும். இது மாரடைப்புக்குச் சில வருடங்கள் முன்னால் வரும் எச்சரிக்கையாக இருக்கலாம். கடையில் ரகசியமாக மாத்திரை வாங்கி எச்சரிக்கையை மூடி வைப்பது நல்ல வியாபாரம் இல்லை.

அறுபதாம் கல்யாணம் முடிந்துவிட்டது. இந்த வயதில் இதைக் கேட்பது தப்பா?

தப்பில்லை. 65 தாண்டியிருந்தால் அளவு 25-இல் தொடங்கும், இதயத்தைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். ஊர் சிரிக்குமே என்பதற்கு மருந்துக் கடையில் மருந்து இல்லை.

வயது 27. புதுக் கல்யாணம். முதல் வாரம் சரியாக வரவில்லை. மாத்திரை வேண்டுமா?

தம்பி, காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? தனியாக இருக்கும்போது வருகிறதா? இரண்டும் ஆம் என்றால் குழாயும் நரம்பும் நன்றாக இருக்கின்றன. மூன்று நாள் கல்யாண அலைச்சல், தூக்கம் இல்லை, பெரிய வீட்டின் அறைக்கு வெளியே சொந்தக்காரர் கூட்டம், விடிந்ததும் எல்லார் முகத்திலும் ஒரு கேள்வி. இதில் யாருக்குத்தான் வரும்? பதற்றம் அட்ரினலினை ஏற்றும், அது ரத்தக் குழாயைச் சுருக்கும். சில நாட்கள் விட்டுவிடுங்கள், இரண்டு பேரும் பேசிப் பழகுங்கள். சில வாரம் கழித்தும் சரியாகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். நண்பர்கள் கையில் திணிக்கும் மாத்திரையைப் போட்டுப் பழகினால், அது இல்லாமல் முடியாது என்று மனம் நம்பிவிடும். உடம்பு அடிமையாவதில்லை, மனம்தான்.

சில அட்டைகளில் டாபோக்செட்டின் என்று சேர்த்துப் போட்டிருக்கிறதே?

அது விந்து சீக்கிரம் வெளியேறுவதற்கான மருந்து, வேறு பிரச்சினை. இரண்டும் சேர்ந்த மாத்திரையைத் தெரியாமல் வாங்கிப் போட்டால் குமட்டல், மயக்கம் வரலாம். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தொடவே கூடாது. சில்டெனாஃபில் மட்டும் எழுதியிருந்தால் அது மட்டும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

இங்கிலீஷ் மருந்து வேண்டாம் என்று லேகியம் சாப்பிடுகிறேன். பக்க விளைவு இல்லையே?

இருக்கிறது என்று நினைத்து நடந்துகொள்ளுங்கள். முறையாகப் படித்த சித்த மருத்துவர் பார்த்து எழுதும் அமுக்கரா, பூனைக்காலி சூரணத்தைப் பற்றி நான் பேசவில்லை. பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டர் ஒட்டி, மாதம் ஒரு நாள் லாட்ஜில் ரூம் போட்டு விற்கிறார்களே, அதைச் சொல்கிறேன். உடலுறவுத் திறனைக் கூட்டும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். போஸ்டர்கள் என்னவோ ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

‘மூலிகை’ என்று விற்கும் இந்த வகைச் சரக்குகளில் சில்டெனாஃபிலையே அரைத்துக் கலந்திருப்பது பல நாடுகளில் பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது. சாப்பிட்ட அன்றே பலன் தெரிகிறதா? அப்படியானால் சந்தேகப்படுங்கள். எவ்வளவு கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சார்பிட்ரேட் சாப்பிடும் பெரியவர், மூலிகைதானே என்று இதைத் தொட்டால் என்ன ஆகும்?

நம் வீடுகளில் சிங்கப்பூர் போய் வராதவர் குறைவு என்பதால் இதையும் சொல்கிறேன். 2008-இல் முதல் ஐந்து மாதங்களுக்குள் சிங்கப்பூர் மருத்துவமனைகளில், சுகர் நோயே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்கிச் சேர்க்கப்பட்டார்கள். ஒருவரைத் தவிர எல்லாரும் ஆண்கள். கள்ளத்தனமாக விற்ற ஆண்மை மாத்திரைகளில் கிளிபென்கிளாமைடு என்ற சுகர் மருந்து கலந்திருந்தது. 4 பேர் இறந்தார்கள். லீவில் வருகிற யாராவது ‘அங்கே வாங்கினது, ஒரிஜினல்’ என்று உறையில்லாத மாத்திரையை நீட்டினால் வாங்காதீர்கள்.

குடித்திருந்தால் போடலாமா?

கொஞ்சம் என்றால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் டாஸ்மாக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். குடியும் அழுத்தத்தை இறக்கும், மாத்திரையும் இறக்கும். போதாததற்குக் குடியே விறைப்பைக் கெடுக்கும். சிகரெட்டும் அப்படித்தான்.

தலை வலிக்கிறது, முகம் சிவந்து எரிகிறது. நிறுத்த வேண்டுமா?

தலைவலி, முகச் சூடு, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் எல்லாம் சகஜம், சில மணி நேரத்தில் போய்விடும். சில்டெனாஃபிலில் சிலருக்கு எல்லாம் கொஞ்சம் நீலமாகத் தெரியும். டடாலாஃபிலில் முதுகு வலி, தசை வலி வரும். தொந்தரவு அதிகமென்றால் அளவைக் குறைக்கக் கேளுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியவை வேறு. விறைப்பு 4 மணி நேரம் தாண்டியும் இறங்கவில்லை என்றால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது அவசரம். தாமதித்தால் திசு நிரந்தரமாகக் கெடும். வெட்கப்பட்டு விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். திடீரென்று ஒரு கண்ணில் பார்வை மங்கினாலோ போனாலோ, திடீரென்று காது கேட்காமல் போனாலோ அப்படித்தான். விழித்திரை பரம்பரை நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

குழந்தைக்கு சில்டெனாஃபில் எழுதியிருக்கிறார்கள். டாக்டர் தப்பாக எழுதிவிட்டாரா?

இல்லை அம்மா. நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் கூடினாலும் இதே மருந்துதான், அளவு வேறு. பெயரை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

வீட்டுக்காரர் பீரோவில் ஒளித்து வைத்திருந்த அட்டையைப் பார்த்தேன். கேட்கவா வேண்டாமா?

கேளுங்கள் ஆச்சி, சண்டையாக இல்லாமல். வேறு யாரோடோ பழக்கம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் உங்களிடம் தோற்றுவிடுவோமோ என்ற பயத்தில்தான் ஒளிக்கிறார்கள். அவருடைய பிரஷர், சுகர், இதய மாத்திரைகளை எடுத்துத் தருவது பல வீடுகளில் நீங்கள்தான். அந்த மாத்திரைகளில் நைட்ரேட் இருக்கிறதா என்று அவரைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பீரோவில் கிடைத்த மாத்திரையை நீங்கள் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம், அது பெண்களுக்கானது அல்ல.

குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். இது உதவுமா?

உறவுக்கு உதவும், விந்தணு எண்ணிக்கையைக் கூட்டாது. கருத்தடையும் செய்யாது, பால்வினை நோயையும் தடுக்காது.

உள்ளூர் டாக்டர் அப்பச்சிக்குச் சிநேகிதர். அவரிடம் எப்படிப் போய்க் கேட்பது?

அவரிடம் கேட்க முடியாவிட்டால் விடுங்கள். மதுரைக்கோ திருச்சிக்கோ போய்ப் பாருங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். செலவு கட்டுப்படாது என்றால் சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையிலும் காட்டலாம். மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மாத்திரை இது. சீட்டு கேட்கிற கடைக்காரர்மேல் கோபப்படாதீர்கள்.

வெளியூர் டாக்டருக்கு உங்கள் பழைய கதை தெரியாது. வீட்டில் சாப்பிடும் எல்லா அட்டைகளையும், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் கொண்டுவந்து தருகிற சுகர், பிரஷர் மாத்திரைகளையும், லேகிய டப்பாவையும்கூட ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஈசிஜி, எக்கோ எடுத்திருந்தால் அதுவும். உள்ளே போனதும் வார்த்தை வராது என்று தெரியும். அப்படியானால் இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுங்கள்: ‘ஐயா, எனக்கு விறைப்பு சரியாக வருவதில்லை. இவ்வளவு நாளாக இருக்கிறது. பையில் உள்ள மாத்திரைகள்தான் சாப்பிடுகிறேன். நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைப்பது உண்டு, அல்லது இல்லை.’ மீதியை அவரே கேட்டுக்கொள்வார்.